4294967295

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வரும். குறை எண்களுக்கு இடம் தராத 32 பிட் மாறியில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள் கொண்ட எண் பெட்டியில், அடங்கும் மிகப்பெரிய முழு எண் இது. அந்த மாறியில் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் -1 வராது, இதுதான் வந்து நிற்கும். புரோகிராம் தன் வேலையைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் இதைக் கண்டதும் பிழை எங்கே என்று தேடுவது என் பழக்கம். ஒருநாள் அந்தத் தேடலைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்குக் காரணிகள் என்னென்ன என்று பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

கடைசி இலக்கம் 5. இலக்கங்களின் கூட்டுத்தொகை 57, ஆகவே மூன்றாலும் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. இதற்கு மேல் வகுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. 32 இடங்களிலும் 1 நிற்பதால் எண் 2³² − 1 அல்லவா? பள்ளியில் படித்த 'இரு வர்க்கங்களின் வித்தியாசம்' போதும். (2¹⁶ + 1)(2¹⁶ − 1) என்று பிரியும். பின்னதை மறுபடி அதேபோல் பிரிக்கலாம், அதில் பின்னதை மறுபடி. கடைசியில் மிஞ்சுவது:

3 × 5 × 17 × 257 × 65537

ஐந்துமே பகா எண்கள். அதிலும் ஃபெர்மா பகா எண்கள். இரண்டின் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போக, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அடுத்தது 2³² + 1, நம் எண்ணைவிட இரண்டு அதிகம். 1732இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்தே. அத்தனையும் ஒரே எண்ணுக்குள் ஒருமுறை வீதம் உட்கார்ந்திருக்கின்றன!

1796இல், பதினெட்டு வயதில், கணிதவியலாளர் கௌஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் கோடு போடும் சட்டமும் மட்டும் வைத்து வரையலாம் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால்தான் வரைய முடியும். அப்படி இப்போதைக்குத் தெரிந்தவை 31. அவற்றில் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. (65537 பக்கத்துக்கே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டு உழைத்தார். இதை யாரும் முயலாமல் இருப்பது நல்லது.)

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பாஸ்கல் முக்கோணத்தில் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் மேல்வரியில் தன் தலைக்கு மேல் உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை) ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று போட்டு, ஒவ்வொரு வரியையும் பைனரியாக, அதாவது 0, 1 மட்டும் உள்ள எண் முறையில், படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51... முதல் 32 வரிகளும் நம் எண்ணின் 32 வகுத்திகள், ஒன்றுகூட விடாமல், ஏறுவரிசையில். முப்பத்திரண்டாவது வரி முழுக்க ஒன்றுகள். அதுதான் 4294967295.

2³² + 1க்குப் பிறகு வரும் ஃபெர்மா எண்களில் பகா எண்ணா, பகு எண்ணா என்று தெரியாத முதல் எண்ணுக்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண்ணாக இருந்துவிட்டால் பெரிய பலகோணம் என்ற பட்டம் நம் எண்ணை விட்டுப் போய்விடும். பந்தயம் கட்டச் சொன்னால், பகு எண் பக்கம்தான் கட்டுவேன்.