500 காலை வாரியது, 2000 பாதி தேறியது

பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் பௌலிங்கில், போன ஞாயிறு மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் வலது ஓரத்து 10ஆம் பின் ஐந்து முறை அசையாமல் நின்றது. பந்து பாக்கெட்டுக்குள், அதாவது முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில்தான் போகிறது, ஆனால் இடியில் உயிரே இல்லை. ஆறாம் பின் சோம்பலாகச் சாய்ந்து, பத்தைத் தொடாமல் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

தப்பு என்னுடையதுதான். இரண்டு வாரம் முன்பு போனபோது பந்து ஓடும் பாதையான லேனில் அப்போதுதான் எண்ணெய் விட்டிருந்தார்கள். பந்து சோப்பு மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போக, வீட்டுக்கு வந்து 500ஆம் எண் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டேன். போன ஞாயிறோ, காலையிலிருந்து பிறந்தநாள் கூட்டம் உருட்டி உருட்டி முன்பக்க எண்ணெயெல்லாம் காணோம். 60 அடி லேனில் பாதி தூரத்திலேயே பந்து தரையைப் பிடித்து, இருந்த வேகத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டது. எங்கள் தண்டையார்பேட்டைக் கேரம் ஆட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பவுடரைக் கூட்டிக் குறைத்தால் போதும். நான் லேனைத் தொட முடியாது, பந்தைத்தான் தேய்த்தாக வேண்டும். அதையும் கணக்கில் வரும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

சரி, இன்னும் மென்மையான 2000ஆம் எண்ணுக்கு ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். பௌலிங் பந்தைத் தேய்ப்பதற்கான அப்ரலான் பேட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பேட் விலையைவிடத் தபால் செலவு அதிகம். அதனால் லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கிய வாட்டர் பேப்பர்தான், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். முதல் தடவை 500க்கு அடுத்து நேராக 2000 போட்டேன். மேடு மட்டும் மழுங்கியது, 500இன் ஆழக் கோடுகள் அடியில் அப்படியே இருந்தன. ஈரத்தில் எல்லாம் ஒரே மாதிரி மின்னும்; துடைத்துக் காயவைத்து, டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டவாளம் தெரியும். மறுபடியும் 1000இலிருந்து ஆரம்பித்தேன்.

அதிலும் திட்டுத்திட்டாக வந்தது. வியாசர்பாடியில் கார்களுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் பந்தையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "விரல வெச்சி அழுத்தாத தம்பி, விரல் தடம் அப்படியே வுழும். பின்னால ஸ்பாஞ்ச் வெச்சிக்க" என்றார். இதற்குத்தான் அப்ரலானில் நுரைமெத்தை வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. செருப்பு ரப்பரை வைத்துப் பார்த்தேன், விறைப்பு அதிகம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கம்தான் உருண்டைக்கு வளைந்து கொடுக்கிறது.

பந்து உருளாமல் நிற்கப் பிரிமணை வைத்தால் கயிறு கீறுகிறது. மீன்கூடைக்காரம்மா தலையில் வைப்பதுபோல் பழைய துண்டைச் சும்மாடாகச் சுற்றி, பக்கெட் வாயில் வைத்தேன், அசையவில்லை. மார்க்கரால் நாலு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடவலமாக 50 தேய்ப்பு, குறுக்கே 50. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. அழுத்தவே கூடாது, உள்ளங்கை எடை போதும். எண்ணிக்கை நடுவில் தப்பினால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து தேய்த்தேன். வீட்டில் யாரும் இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை, நல்லதுதான்.

புதன்கிழமை எடுத்துப்போனேன். மெட்ரோ ஸ்கேனரில் 15 பவுண்டு உருண்டையும் அதற்குள்ளே குண்டு பல்பு மாதிரி ஒரு கருவும் தெரிந்தால் எந்தக் காவலர் சும்மா விடுவார்? பையைத் திறந்து, விரல் துளையைக் காட்டி, அவரையும் ஒருமுறை தூக்க வைத்த பிறகே ரயில். லேனில் பந்து இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், லேனின் கடைசிப் பகுதியில் சட்டென்று திரும்பியது. முதல் ஆட்டம் 191 புள்ளி. 10ஆம் பின் இரண்டு முறைதான் நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் எண்ணெய் காய்ந்ததும் பழைய கதைதான், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

இதற்கு மேல் பாலிஷ் போட வேண்டும், இன்னும் போடவில்லை. அதற்குள் மனம், தேய்ப்பதற்காகப் பந்தைச் சுழற்றும் இயந்திரமான ஸ்பின்னர் பக்கம் போய்விட்டது. பரணில் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. மோட்டார் ஓடுகிறது. கல்லுக்குப் பதில் ஒரு வளையம் வைத்தால் பந்து அழகாக உட்காரும் என்று அளந்து பார்த்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.