டவருக்கு ஆட்சேபம் எழுதும் முன்

இங்கிலாந்தில் ஒரு தெருவில் மொபைல் டவர் வரப்போகிறது என்று விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினால், கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) போகும் ஆட்சேபங்களில் கதிர்வீச்சுதான் முதலில் நிற்கும். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே என்றால் எந்தப் பெற்றோருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தை மட்டும் எழுதி டவரைத் தடுப்பது மிகக் கடினம்.

பெரும்பாலான டவர்கள் முழு பிளானிங் அனுமதிக்குப் போவதில்லை. முன்ஒப்புதல் (prior approval) என்ற சுருக்க வழியில்தான் போகின்றன. அதில் கவுன்சில் பார்க்கக்கூடியது இரண்டுதான்: அமையும் இடம், தோற்றம். 56 நாளுக்குள் முடிவு விண்ணப்பதாரரின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் டவரைக் கட்டத் தொடங்கிவிடலாம். கதிர்வீச்சு அளவு ஐக்னிர்ப் (ICNIRP) என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் இருந்தால், கவுன்சில் தனியாக வேறு பாதுகாப்பு வரம்பு வைக்கக் கூடாது என்கிறது தேசியக் கொள்கை. ஹாரோகேட் நகரில் பள்ளிகளுக்கு அருகே வரவிருந்த டவரை, மேல்முறையீட்டை விசாரித்த பிளானிங் ஆய்வாளர் உடல்நல அச்சத்தைக் காரணம் காட்டி மறுத்தார். அந்த முடிவு செல்லாது என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

ஐக்னிர்ப் வரம்பு, சதுர மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 4.5 வாட், 1800இல் 9, 2000க்கு மேல் 10. 2020இல் பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 10 நகரங்களில் 5ஜி டவர்களுக்கு அருகே அளந்தபோது கிடைத்த உச்ச அளவு, வரம்பில் சுமார் 1.5 சதவீதம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆன்டெனாவின் முதன்மை அலைக் கற்றை டவரின் காலடியில் விழாது. லேசாகச் சாய்ந்து போய், 15 மீட்டர் டவரானால் 50 முதல் 200 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். அதனால் "பள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்று கேட்டால், கற்றை நேராக விளையாட்டு மைதானத்தில் விழவும் கூடும். மொபைல் போனும் உடல்நலமும் பற்றி 2000இல் பிரிட்டனில் வந்த ஸ்டூவர்ட் நிபுணர் குழு அறிக்கை, பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் கற்றையின் உச்சம் பள்ளி வளாகத்தில் விழக் கூடாது என்றது. கற்றை எந்தத் திசையில், எங்கே தரையைத் தொடுகிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தூரத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

அடுத்து, கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கும் என்று சொல்லும் ஐக்னிர்ப் சான்றிதழ். இது நிறுவனம் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. முகவரியும் வரைபடக் குறியீட்டு எண்ணும் விண்ணப்பத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இருக்கிற டவரில் புதிய ஆன்டெனா சேர்ப்பதாக இருந்தால், எல்லாம் சேர்ந்த மொத்த அளவுக்கும் உறுதி தந்திருக்க வேண்டும். பள்ளி அருகே என்றால் பள்ளியிடம் கலந்து பேசிய விவரமும் இருக்க வேண்டும். இவற்றில் எது விடுபட்டாலும் அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

மற்ற வலுவெல்லாம் இடத்திலும் தோற்றத்திலும் இருக்கட்டும். டவரின் கருவிப் பெட்டிகள் வைத்தபின் நடைபாதையில் சக்கர நாற்காலி போக இடம் மிஞ்சுமா? சந்திப்பில் ஓட்டுநரின் பார்வை மறையுமா? பக்கத்து மரங்களையும் கூரைகளையும்விட டவர் எத்தனை மீட்டர் உயரம்? ஏற்கெனவே உள்ள கட்டடத்திலோ டவரிலோ ஆன்டெனா வைக்க முடியுமா என்று உண்மையிலேயே பார்த்தார்களா? அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய இடங்களின் பட்டியலை எடுத்து, சொன்ன காரணம் பொருந்தாத இடத்தைப் படத்தோடு காட்டுங்கள். கவுன்சில் மறுத்தபின் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனாலும் ஆய்வாளர் இதையெல்லாம் எடைபோட்டே ஆக வேண்டும்.