ஆலமரத்து மூட்டை

பாலக்கோடு போகிற வழியில் இன்று காலை ஒரு பெரியவர், வைக்கோல் சுற்றிய சாக்குமூட்டையை ஆலமரக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடி.

"கீழ போட்டா நாய் இழுத்துடும் தம்பி. பால் மரத்துல கட்டுனாத்தான் மாடு நல்லா கறக்கும்."

ஈ மொய்க்கும் மூட்டை. ஓரத்தில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

பால் கணக்கு அவருடையது. எனக்கு ஞாபகம் வந்தது வைரஸ்.

நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம், முன்னோர்களைத் தொற்றிய ரெட்ரோவைரஸ்களின் (நுழைந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன் மரபணுவைச் செருகிவிடும் வைரஸ் வகை) மிச்சம். கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ மூலமான செல்லில் புகுந்துகொண்டதால், பூர்வீகச் சொத்து மாதிரி தலைமுறை தலைமுறையாக இறங்கிவிட்டது. பெரும்பாலானவை உடைந்த சரக்கு.

சில மட்டும் உருப்பட்டன.

செல்லோடு ஒட்டி உள்ளே நுழைய வைரஸ் வைத்திருந்த புரதம், இன்று கருவின் செல்களை ஒன்றோடொன்று இணைத்து, தாயின் ரத்தத்திலிருந்து உணவை வாங்கும் நஞ்சுக்கொடிப் படலத்தைக் கட்டுகிறது. அந்தப் புரதத்துக்குச் சின்சிடின் என்று பெயர். இந்த வேலை 2000-ல்தான் தெரியவந்தது.

அதைவிட வேடிக்கை, மனிதனுக்கு ஒரு வைரஸ், எலிக்கு வேறு, ஆடுமாடுகளுக்கு இன்னொன்று. தனித்தனியாகத் திருடி, ஒரே வேலைக்கு வைத்திருக்கிறோம். பரிணாமம் திட்டம் போட்டு நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், நம்மிடம் இருக்கும் இந்த மிச்சங்களில் பெரும்பாலானவை சிம்பன்சியிடமும் அதே இடங்களில் இருக்கின்றன. தற்செயலாக இப்படிப் பொருந்தாது. இரண்டு பேருக்கும் பாட்டி ஒருத்திதான்.