ஐப்பசி மழையில் வெளிப்பட்ட பிழை

கோத்தகிரியில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு பைத்தான் மொழியில் எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். தொட்டபெட்டா மலை மறைப்பதால் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசியில்தான் அடைமழை பிடிக்கும், இலையில் ஏறிய ஈரத்துக்குக் கழிவு பிடிப்பதும் அப்போதுதான்.

அப்படி ஒரு காலையில் ஒரு விவசாயி நேரில் கொண்டுவந்த 40 கிலோவுக்கு 38 என்றும், ஏஜெண்ட் கொண்டுவந்த 40 கிலோவுக்கு 40 என்றும் ரசீது வந்தது. எடை போடும் அண்ணன் இரண்டையும் என்னிடம் நீட்டி, “சார், ரெண்டு மூட்டையும் ஒரே மழைலதான நனைஞ்சுது?” என்றார்.

‘கொள்முதல்’ என்ற தாய் கிளாஸில் (கிளாஸ் என்பது நிரலில் ஒரு வார்ப்பு, தாயிடம் உள்ளது சேய் கிளாஸுக்கும் வரும்), கழிவு 0 என்று கிளாஸ் மட்டத்திலேயே பொதுவாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு கொள்முதல் பதிவும் உருவாகும்போது தானாக ஓடும் ‘இனிட்’ என்ற தொடக்கச் செயற்கூறு, அன்றைய கழிவை எடுத்து வைக்கும். ஏஜெண்டுக்கான சேய் கிளாஸை எழுதிய தம்பி ஜாவாவில் பழகியவர். அங்கே தாயை அழைக்கும் ‘சூப்பர்’ என்ற சொல்லை எழுதாவிட்டாலும், அளவுரு கேட்காத தாய்க் கன்ஸ்ட்ரக்டரை (இனிட் போன்ற ஜாவாவின் தொடக்கச் செயற்கூறு), நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே அழைத்துவிடும். பைத்தானிலோ, சேய் தனக்கென்று ஓர் இனிட் எழுதிக்கொண்டால், நாமாக அழைக்காதவரை தாயின் இனிட் ஓடாது. மறந்தது அவர்தான், ஆனால் கழிவு வைக்கப்படாத இடத்தில் வந்து நின்று அந்த மறதியை மூடி மறைத்தது என்னுடைய 0.

அவசரத்தில் சூப்பரை விட்டுவிட்டுத் தாயின் பெயரைச் சொல்லியே இனிட்டை அழைத்துச் சரிசெய்தேன். பின்னர் ரசீது எண் கொடுக்கும் வேலையையும் அதே இனிட்டில் சேர்த்தேன் (சோம்பல், வேறென்ன). தரம் பிரித்த இலைக்கென்று இன்னொரு சேய் வந்து, இரண்டிலிருந்தும் ஒரு பேரப்பிள்ளை கிளாஸ் கிளைத்தபோது, இரண்டு சேய்களும் தனித்தனியே பாட்டியான ‘கொள்முதல்’ இனிட்டை அழைத்ததால் ரசீது எண் ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டாகத் தாவியது. பைத்தான் 2.3 முதல் சி3 என்ற வரிசைப்படுத்தும் முறையில் கிளாஸ்களுக்கு ஒரே வரிசை அமைகிறது. சூப்பர் அந்த வரிசையில் அடுத்து நிற்பவரை அழைப்பதால், சங்கிலியில் உள்ள எல்லோரும் அதையே பயன்படுத்தினால் ஒவ்வோர் இனிட்டும் ஒருமுறைதான் ஓடும். ஒருவர் பெயர் சொல்லி அழைத்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

எல்லா இடத்திலும் சூப்பரை வைத்தேன். ரசீது எண்ணை இனிட்டிலிருந்து எடுத்துத் தனிச் செயற்கூறாக்கினேன். மதிப்புகளை வைப்பதற்கு மேல் இனிட்டுக்கு வேலை கொடுப்பதை அன்றோடு விட்டேன். கழிவு 0 என்ற வரியையும் அழித்துவிட்டதால், இனி யாராவது சூப்பரை மறந்தால், மழைக்குக் காத்திராமல் முதல் மூட்டையிலேயே அட்ரிபியூட் எரர் (கேட்ட மதிப்பே இல்லை என்ற பிழை) வந்து நிரல் நின்றுவிடும்.