மீனாட்சி தோளில் கிளியைக் காணோம்

கொழிஞ்சாம்பாறையில் பச்சைக்குப் பஞ்சமில்லை. தென்னை, நெல், வாழை, எங்கே திரும்பினாலும் பச்சைதான். எனக்கு வேண்டிய பச்சைத் துணி மட்டும் இல்லை. அக்கா மகளுக்கு மீனாட்சி வேஷம் போட்டு, வயலுக்கு மேலே பறக்கவிட்டு, நோம்பியன்று ஊருக்கே வீடியோவில் காட்டுவதாக வாய் விட்டாயிற்று. ஆளைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால், கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை மட்டும் நீக்கிவிட்டுப் பின்னால் வயலை வைத்துவிடலாம்.

பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் சாட்டினை எடுத்து விரித்தார். "பளபளன்னு இருந்தாத்தானுங்க தம்பி வீடியோவுல எடுப்பா இருக்கும்." நம்பினேன். மொட்டைமாடியில் கட்டி லைட் போட்டதும் துணியெங்கும் வெள்ளைத் திட்டு. ஒரு பச்சை எட்டுப் பச்சையாகிவிட்டது. எடிட்டிங்கில் ஒன்றை நீக்கினால் இன்னொன்று நிற்கிறது. போதாக்குறைக்கு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் துணி உப்பி, கம்போடு பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தது.

மறுபடி பொள்ளாச்சி. இந்த முறை மினுக்கம் இல்லாத பாப்ளின். அகலம் போதாது, ஒட்டுப் போட்டுத்தான் தைக்க வேண்டும். டெய்லரிடம் நடுவில் முழுத் துணியும் இருபக்கமும் ஒட்டும் வருகிறமாதிரி தைக்கச் சொல்லுங்கள். தையல் கோடு ஓரத்துக்குப் போனால் வெட்டிவிடலாம். இஸ்திரி போட்டு, கொப்பரை ஷெட்டுக்குள் இழுத்துக் கட்டினேன். ஷூட்டிங் அரை நாளில் முடிந்தது.

ராத்திரி கம்ப்யூட்டரில் பச்சையை எடுத்தேன். கூடவே மீனாட்சியின் கிளியும் போய்விட்டது! தோளில் கிளி வடிவத்தில் ஓட்டை, அதன் வழியே தென்னந்தோப்பு தெரிகிறது. "எம் புள்ளை தோள்ல என்னடா பொத்தல்?" என்றாள் அக்கா.

பச்சையை எல்லோரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான டிஜிட்டல் கேமராவில் வெளிச்சத்தை வாங்கும் சென்சாரில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். அதனால் பச்சையில் படம் புள்ளி புள்ளியாக இரைவது குறைவு, லைட்டும் குறைவாகப் போதும். பிலிம் காலத்தில் நீலம்தான் அதிகம். எல்லாம் படித்திருந்தேன். முன்னால் நிற்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதை மட்டும் பார்க்கவில்லை.

நீலத் துணிக்கு மூன்றாவது தடவை கிளம்பியபோது அக்காதான் நிறுத்தினாள். "ஜாக்கெட் லைனிங் துணி நம்ம கடைவீதியிலயே இருக்குதேடா, எல்லாக் கலர்லயும்." இருந்தது. மினுக்கமில்லாத நல்ல ராயல் ப்ளூ. ரெண்டு பஸ் சார்ஜ் தண்டம்.

நீலம் கொஞ்சம் இருட்டடிக்கும். துணிக்கென்றே கூடுதலாக ஒரு லைட் வைத்தேன். பாப்பாவைத் துணியிலிருந்து ஏழடி தள்ளி நிறுத்தினேன். ஒட்டி நின்றால் கன்னத்திலும் முடி ஓரத்திலும் நீலம் ஏறிவிடும், அதைக் கழுவுவது தனி வேலை. கிளி தப்பித்தது. கையில் போட்டிருந்த பச்சை வளையலும்தான்.

அடுத்த நோம்பிக்குக் கிருஷ்ணன் வேஷமாம், உடம்பெல்லாம் நீலம். பச்சைப் பாப்ளினை மடித்துப் பரணில் வைத்திருக்கிறேன். சாட்டினில் அக்கா தலையணை உறை தைத்துவிட்டாள்.