பாஹஸ்காவில் ஒரு வெண்கலக் கயிறு

கௌபாய் படங்களில் நாயகனை விட்டுவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் குதிரையில் வருபவரைக் கவனிப்பது என் நெடுநாள் வழக்கம். அப்படிக் கவனித்து மனத்தில் தங்கிப்போன குணச்சித்திர நடிகர் பென் ஜான்சன். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் காரோட்டினால் அவருடைய ஊரான பாஹஸ்கா வந்துவிடும் என்று அறிந்ததும், சென்ற செப்டம்பரில் ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கினேன்.

ஊரில் அவர் பெயரால் கௌபாய் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள வெண்கலச் சிலையில் அவர் குதிரை மேலிருந்து மாட்டைக் கயிறு வீசிப் பிடிக்கிறார். ஆஸ்கர் வாங்கிய ஒருவரை இந்த ஊர் மாடு பிடிப்பவராகவே நிறுத்தி வைத்திருப்பது எனக்குச் சரியென்றே பட்டது. 1953இல், நடிகராக ஓரளவு பெயர் வாங்கிய பிறகு, படங்களை விட்டு ஓராண்டு முழுவதும் ரோடியோ எனப்படும் கௌபாய்ப் போட்டிக் களங்களில் சுற்றி, இருவர் சேர்ந்து மாட்டுக்குக் கயிறு வீசும் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனவர் அவர். பட்டம் கிடைத்ததே தவிரப் பணம் மிஞ்சவில்லை. எனவே மீண்டும் ஹாலிவுட்டுக்கே திரும்பினார்.

மதியத்துக்கு மேல் வடக்கே உள்ள புல்வெளிக் காப்பகத்துக்குப் புறப்பட்டேன். புழுதி பறக்கும் மண்சாலையின் முடிவில், பார்வையாளர்கள் வந்து இறங்கும் இடம் முன்னொரு காலத்தில் சாப்மன் பர்னார்டு மாட்டுப் பண்ணையின் தலைமையிடமாக இருந்தது. பென்னின் தந்தை அங்கே மேற்பார்வையாளர். அவரும் கயிறு வீசுவதில் பேர்போனவர். 1918இல் ஃபோரேக்கர் என்னும் சிற்றூரில் பிறந்த மகன் தொழில் கற்றது இந்த மண்ணில்தான். 'தி அவுட்லா' படத்துக்காக ஹோவர்டு ஹியூஸ் வாங்கிய குதிரைகளை ஓட்டிச் சென்றவர், குதிரைக்காரராகவும் டூப்பாகவும் ஹாலிவுட்டிலேயே தங்கிவிட்டார். 'ஃபோர்ட் அபாச்சி' படப்பிடிப்பில், ஆட்களோடு தறிகெட்டு ஓடிய குதிரை வண்டியை அவர் பாய்ந்து சென்று நிறுத்தியதைப் பார்த்த பிறகே இயக்குநர் ஜான் ஃபோர்டு அவரை நடிகராக்கினார்.

சாலையோரப் புல் என் தலைக்கு மேல் நின்றது. ஒரு கதிரை வளைத்துப் பார்த்தேன். நுனி மூன்றாகப் பிரிந்து, கோழிக்காலைப் போல் விரிந்திருந்தது. சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைகள் நான் அசைந்தால் தலை தூக்கின, நின்றால் மேய்ந்தன. 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படத்தில் வசனம் அதிகம் என்று சொல்லி நடிக்கத் தயங்கியவரை ஜான் ஃபோர்டு பேசித்தான் சம்மதிக்க வைத்தார். திரையில் ஏறக்குறைய பத்து நிமிடமே வரும் அந்த வேடம்தான் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. அதில் குளக்கரையில் அமர்ந்து பழைய காதலைச் சொல்லும்போது அவர் உடம்பில் வீண் அசைவு ஒன்றுகூட இராது. அந்த அடக்கம் நடிப்புப் பள்ளியில் வந்ததன்று, மாடுகளுக்கு நடுவே வந்தது என்று அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

1996இல் அரிசோனாவில் இறந்த அவரைப் பாஹஸ்காவில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் கல்லறையைப் பார்த்துவிட எண்ணியிருந்தேன். ஆனால் காட்டெருமைகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவை வழிவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.