எடுத்த சீட்டு மறுபடியும் சொம்புக்குள் போகிறதா?

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் ஈருறுப்புப் பரவலும் பாய்சான் பரவலும் அடுத்தடுத்து வருகின்றன. ஓர் எண்ணிக்கையின் ஒவ்வொரு மதிப்புக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வதுதான் பரவல். ஒரே வாய்ப்புள்ள முயற்சியைக் குறிப்பிட்ட முறை செய்தால் எத்தனை முறை பலிக்கும் என்பதற்கு ஈருறுப்பு; அரிதாக நடப்பது ஒரு காலத்தில் எத்தனை முறை நடக்கும் என்பதற்குப் பாய்சான். கேள்வியில் 'நாணயம்' என்று இருந்தால் முதல் சூத்திரம், 'அரிதாக' என்று இருந்தால் இரண்டாவது சூத்திரம் என்று பிள்ளைகள் அடையாளம் வைத்துக்கொண்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சேலத்தில் பல காலமாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிற எனக்கு இது பெரிய மனக்குறை. ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதற்குரிய பரவலைத் தேர்ந்தெடுக்க முடியும்; அதற்கு நம் ஊரிலேயே வேண்டிய அளவு உதாரணங்கள் இருக்கின்றன.

எங்கள் தெருவில் நடக்கிற குலுக்கல் சீட்டையே எடுத்துக்கொள்ளலாம். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஒரு சீட்டு 1 லட்சம். பெயர் எழுதிய துண்டுகளைச் சொம்பில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை வந்த பெயர் திரும்பச் சொம்புக்குள் போகாது. தொடங்கும்போது பார்த்தால் உங்கள் பெயர் முதல் மாதம் வருவதற்கும், ஏழாம் மாதம் வருவதற்கும், கடைசி மாதம் வருவதற்கும் வாய்ப்பு ஒன்றுதான்: இருபதில் ஒன்று. இப்படி எல்லா மதிப்புகளுக்கும் வாய்ப்பு சமமாக இருப்பது சீரான பரவல். ஆனால் 15 மாதம் கழிந்தும் பெயர் வராதவருக்கு அடுத்த மாதம் வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாக உயர்ந்துவிடும். "இத்தனை மாசமா விழல, இந்த மாசம் எனக்குத்தான் விழும், கண்ணு" என்று சொல்லும் அம்மாவின் நம்பிக்கையில் கணக்கு இருக்கிறது.

அதே அம்மா கடையில் மாதாமாதம் நடக்கும் பரிசுக் குலுக்கலைப் பற்றியும் அப்படியே சொன்னால் கணக்கு ஒத்துழைக்காது. அங்கே எடுத்த கூப்பனைத் திரும்பவும் பெட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள் என்று கொள்வோம். அதே 20 பேர், அதே 20 மாதம். ஒவ்வொரு மாதமும் வாய்ப்பு இருபதில் ஒன்றாகவே நிற்கும்; போன மாதம் வராதது இந்த மாதத்துக்குத் துணை செய்யாது. ஒரு மாதம் பெயர் வராமல் போகும் வாய்ப்பு 0.95; அதை 20 மாதத்துக்கும் 20 முறை எழுதிப் பெருக்கினால் ஏறக்குறைய 0.36 வருகிறது. அதாவது 20 மாதமும் ஒருவர் பெயர் ஒருமுறைகூட வராமல் போவதற்கு 36 சதவீத வாய்ப்பு உண்டு. இருபது பேரில் சராசரியாக ஏழு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள், ஐந்து பேருக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ விழும். இரண்டு குலுக்கலிலும் ஆளுக்குச் சராசரி ஒரு முறைதான். சீட்டில் அந்த ஒன்று எல்லோருக்கும் கிடைக்கிறது, பரிசுக் குலுக்கலில் கிடைப்பதில்லை. சராசரியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிற எந்தக் கணக்கையும் நான் முழுக் கணக்காக ஏற்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மாம்பழக் கூடையும் சீட்டு வகையைச் சேர்ந்தது; அறுத்த பழம் திரும்பக் கூடைக்குள் போகாது. மல்கோவா வெளியே பார்க்க நன்றாக இருந்து, அறுத்தால் உள்ளே வண்டு துளைத்திருப்பதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. 20 பழத்தில் 3 பழம் அப்படி என்று வைத்துக்கொண்டால், இரண்டு பழத்தை அறுத்துப் பார்க்கும்போது இரண்டும் நல்லதாக இருக்க 72 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து பழம் அறுத்தாலும் 40 சதவீதம். பாதிக் கூடையையே அறுத்துவிட்டாலும், மூன்று சொத்தையும் மீதிப் பாதியில் ஒளிந்திருக்க 10 சதவீதத்துக்கும் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. ஒரு பழம் அறுத்துக் காட்டி விற்பது நம்பிக்கைக்காக நடக்கும் வழக்கம். அது கூடையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஏற்காட்டுக் காப்பியில்தான் விஷயம் இன்னும் ஆழமாகிறது. காப்பிப்பழம் ஒன்றுக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்தோடு முகம் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில பழங்களில் ஒரு விதை கருவுறாமலோ வளராமலோ நின்றுபோக, மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டையாக வளரும். காப்பித்தூள் கடையில் "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி" என்று கேட்கிறோமே, அந்தப் பீபெரி இதுதான். பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்கும் என்பார்கள். கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்வோம்.

பல செடிகளின் பழம் நன்றாகக் கலந்து கிடக்கும் பெரிய குவியலில் கைபோன போக்கில் 100 பழம் எடுத்தால், அவற்றில் உள்ள பீபெரி எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலைப் பின்பற்றும். சராசரி 10, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்ணிக்கை வழக்கமாக விலகும் அளவு) 3. 5 முதல் 15 வரை கிடைக்கும் வாய்ப்பு 94 சதவீதம். அந்த 100 பழத்தையும் ஒரே செடியிலிருந்து பறித்தால் நிலைமை மாறிவிடும். பூக்கும் காலத்தில் மழை சரியாக அமையாமல் போனாலும், செடி நலிந்திருந்தாலும், அதன் பாதிப்பு அந்தச் செடியின் பல பூக்களைச் சேர்த்தே தொடும். பாதிச் செடிகளில் பீபெரி 5 சதவீதம், மீதியில் 15 சதவீதம் என்று கொண்டால் மொத்தச் சராசரி அப்போதும் 10தான். ஆனால் செடிக்குச் செடி எண்ணிப் பார்க்கும்போது திட்ட விலக்கம் 3-இலிருந்து ஏறக்குறைய 6-க்குப் போய்விடுகிறது. பழம் அதே பழம், பறித்த விதம் வேறு. 'ஒன்றையொன்று சாராத முயற்சிகள்' என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் நிபந்தனையின் முழுக் கனமும் இங்கேதான் தெரியும். பிள்ளைகளிடம் சூத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்த வரியைத்தான் நான் கேட்கிறேன்.

பாய்சான் பரவலுக்கு எங்கள் சேலம் அம்மாப்பேட்டைத் தறி போதும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலில், ஆயிரக்கணக்கான இழைகள்; ஏதோ ஒரு நொடியில் ஏதோ ஓர் இழை அறும் வாய்ப்பு மிகமிகச் சிறிது; ஆனால் இழைகளும் நொடிகளும் ஏராளம். நாளுக்குச் சராசரி 2 இழை அறுகிறது என்றால், ஒன்றுகூட அறாத நாளுக்கு 13.5 சதவீத வாய்ப்பு. நான்கோ அதற்கு மேலோ அறும் நாளுக்கு 14 சதவீதம். வேலை நடக்கிற 26 நாளில் இரண்டு வகையும் மூன்று நான்கு முறை வரும். ஆகவே நான்கு முறை அறுந்த ஒரு நாளை வைத்து நூலைக் குறை சொல்ல முடியாது, ஒன்றும் அறாத நாளை வைத்து நூலைப் புகழவும் முடியாது.

இந்தப் பரவலில் சராசரியும் பரவற்படியும் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) சமம். புள்ளியியலாளர் போர்ட்கெவிச் 1898-இல் வெளியிட்ட கணக்கு பாய்சான் பரவலுக்குப் பெயர் பெற்ற உதாரணம்: பிரஷ்ய ராணுவத்தின் 10 பிரிவுகளில் 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர், ஆக ஒரு பிரிவுக்கு ஆண்டுக்கு 0.61. ஒரு பிரிவின் ஓர் ஆண்டை ஒரு பதிவாகக் கொண்டால், ஒரு மரணமும் இல்லாத பதிவுகள் 200-க்கு 109. சூத்திரம் தரும் எண்ணும் 108.7.

தறிக்காரர் நோட்டில் தினமும் அறுந்த இழைகளை மட்டும் எழுதி வந்தால், மாதக் கடைசியில் சராசரியையும் பரவற்படியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் தற்செயல்தான் என்று கொள்ளலாம். பரவற்படி இரண்டு மூன்று மடங்காக இருந்தால் எல்லா நாளும் ஒரே மாதிரி நாளாக இல்லை என்று பொருள். பருத்தி இழை காற்றில் ஈரம் குறைந்தால் வலு குறையும். ஆகவே முதலில் அனல் அடித்த நாட்களோடும், புதுப் பாவு ஏற்றிய தேதிகளோடும் அந்தப் பட்டியலை ஒப்பிட வேண்டும்.